ஆத்தா குடித்த ரோஜா சிரப்பும் என் பீட்டா செல்களும்

நான் என்ன படிக்கிறேன் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் இந்தப் பயணமே நடந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எலியின் கணையத்திலிருந்து வளர்த்தெடுத்த பீட்டா செல்களைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வைத்து, அவற்றின் மேலிருக்கும் பெப்டைட் ஏற்பிகளைத் தூண்டினால் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அளப்பதுதான் வேலை. அம்மா இதையே சொந்தக்காரர்களிடம், "எம்பொண்ணு இனிப்பு நீருக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தாள். நம் ஊரில் நீரிழிவுக்கு அதுதானே பெயர். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? என் செல்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆடி மாதம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். மலாக்காவில் இருக்கும் அவள் தம்பி, என் மாமா, சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கப்போகிறார்.

"அவனுக்கு இனிப்பு நீரும் இருக்கு. நீ போயி பக்கத்துல இருந்து பாத்துக்க."

"என்னத்தமா பாக்குறது?"

"அதான் படிக்கிறியே."

இதற்குமேல் வாதாட முடியாது. தீமிதியை நான் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புடுராயா பஸ் நிலையத்தில் மலாக்கா பஸ் ஏறினேன்.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர்; நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். அன்றைக்குக் கட்டணம் ஏழு வெள்ளிக்குள். மாமா வீடு பத்து பெரண்டாமில். மலாக்கா பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம், ஒரு வெள்ளிக்கும் குறைவு. இவ்வளவு சுலபமான வழியில் நான் எப்படி பெம்பானுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பஸ் நிலையத்தில் ஒரே நிறத்தில் இரண்டு பஸ்கள் நின்றன. "பத்து பெரண்டாம் போகுமா?" என்று கேட்டேன், கண்டக்டர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பெம்பான் நல்ல ஊர். ஒரு வரிசைக் கடை, ஒரு காப்பிக் கடை, பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். ஆனால் அது ஜாசின் பக்கம். நான் போகவேண்டியது நேர் எதிர்ப்பக்கம். காப்பிக் கடையில் உட்கார்ந்து ஐஸ் மைலோ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். அதே கண்டக்டர், அதே தலையாட்டல்.

பத்து பெரண்டாமில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் மாமாவுக்கு ஒரு வரிசை வீடு. மாமா முன்பு கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். பிறகு தொழிற்சாலைப் பஸ் ஓட்ட வந்துவிட்டார். மூன்று ஷிப்டுக்கும் பெண்களை ஏற்றி இறக்கும் வேலை. சொந்தமாக ஒரு பழைய வேனும் உண்டு. நான் போனபோது மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு என்று உட்கார்ந்திருந்தார். அன்றைய ஒருவேளைச் சாப்பாட்டை முடித்திருந்தார். இனி மறுநாள் மாலை தீக்குழி தாண்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

இது மூன்றாவது வருடம், கடைசி வருடம். அத்தைக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த மாமா, இவள் எழுந்து நடந்தால் மூன்று ஆடிக்குத் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அத்தை எழுந்து நடந்தாள். நடந்ததோடு இல்லை, என்னைப் பார்த்ததும், "பெம்பானுக்கு எதுக்கு லா போன, அங்க யாரு இருக்கா?" என்று கேட்டுச் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

சாயங்காலம் மாமா, "நீ என்னதான்மா படிக்கிற?" என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறவர் ஆயிற்றே என்று பஸ்ஸிலேயே சொன்னேன். சாப்பாடு குடலில் இறங்கும்போது குடல் ஒரு சின்னப் பெப்டைடை ரத்தத்தில் அனுப்பும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஜிஎல்பி-1 என்று பெயர். அது பீட்டா செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால், கண்டக்டர் மணி அடித்த மாதிரி. செல் இன்சுலினை அதிகமாக வெளியே விடும். ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அதாவது ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டும். சர்க்கரை இல்லாதபோது எத்தனை மணி அடித்தாலும் பஸ் நகராது. சர்க்கரையை வாயால் குடித்தால் இன்சுலின் நிறைய வருகிறது, அதையே நரம்பில் ஏற்றினால் குறைவாக வருகிறது. ஏன் என்றால், நரம்பில் ஏறுவது குடலுக்குத் தெரியாது. மணி அடிக்க ஆள் இல்லை.

மாமா யோசித்தார். "அப்ப எனக்குக் குடுத்திருக்குற வெள்ள மாத்திர? அதுவும் மணிதானா?"

"இல்ல மாமா. அது மணி அடிக்காது. நேரா பஸ்ஸையே தள்ளிவிடும்."

"அப்ப நல்ல மாத்திர" என்றார். "உங்கம்மா போன்ல சொன்னா, விரதம்னு சோத்த விடு, மாத்திரைய மட்டும் விட்டுடாதேன்னு. நான் எதுக்கு லா விடப் போறேன்."

நானும் தலையாட்டினேன். பிளாஸ்டிக் தட்டில் அது நல்ல மாத்திரைதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு வேனில் புறப்பட்டோம். மாமா ஓட்டினார். பக்கத்தில் நான், மடியில் வரைபடம். பின்னால் அத்தையும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும். ஸ்டெல்லா அக்கா காலையில் மாதா கோயில் பூசை முடித்த கையோடு அதே சேலையில் வந்திருந்தார். வருடா வருடம் வருவாராம். "ஒங்க அத்தைக்கு நேந்துக்கிட்டது லா, நான் வராம எப்படி?" என்றார். வேனின் பின்பக்கம் வெல்லம், வாழைத்தார், வேப்பிலைக் கட்டு, கோயில் தண்ணீர்ப்பந்தலுக்கு மூன்று பாட்டில் ரோஜா சிரப், ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பீப்பாய்.

பத்து பெரண்டாமிலிருந்து செங் வழியாக அலோர் காஜா, அங்கிருந்து சிம்பாங் அம்பாட். எல்லாம் சேர்த்து முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். மாமா பிறந்து வளர்ந்த பக்கம். கண்ணை மூடிக்கொண்டு போவார் என்றாள் அத்தை.

அலோர் காஜா தாண்டியதும் சாலையோரம் ஒரு ரம்புத்தான் கடை வந்தது. நீலத் தார்ப்பாய், பாக்சிக் என்று கூப்பிடும் வயதில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், தூணில் கட்டிய ஒரு வெள்ளை ஆடு. பத்து நிமிடம் கழித்து இன்னொரு ரம்புத்தான் கடை. அங்கேயும் நீலத் தார்ப்பாய், அங்கேயும் ஒரு வெள்ளை ஆடு. இந்தப் பக்கத்தில் எல்லாரும் ஆடு கட்டித்தான் ரம்புத்தான் விற்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நேற்று பெம்பானுக்குப் போனவளுக்கு வேறு என்ன தோன்றும்? வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை அந்த ஆடு வந்தபோது பாக்சிக் எழுந்து நின்று கையைக் காட்டினார். "செசாட் கே, அன்னே?" வழி தவறிவிட்டதா என்று கேட்கிறார்.

"என்னாங்க, திரும்புற சிம்பாங்க விட்டுட்டு எங்க சுத்துறீங்க?" என்றாள் அத்தை.

"எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டு வா" என்றார் மாமா.

 மாமா அத்தையிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. மாமா சாலையை விட்டு இறங்கிச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் வேனை விட்டு, கொஞ்ச தூரம் போய், நட்ட நடுவில் நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடுங்கின. சட்டை இல்லாத உடம்பு முழுக்க வியர்வை, திருநீறு கரைந்து ஓடியது. தொண்டையிலிருந்து ஒரு முனகல்.

"ஆத்தா வந்துட்டா" என்றாள் அத்தை. செருப்பைக் கழற்றினாள். வேப்பிலைக் கட்டை எடுத்து மாமாவின் தோளில் வைத்தாள். "போன வருஷம் கோயில்ல வந்தா. இந்த வருஷம் வழியிலேயே வந்துட்டா."

நான் கையை நீட்டி என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

ஸ்டெல்லா அக்கா முன்னால் வந்து கைகூப்பினார். நான் திகைத்துப் பார்த்ததைக் கண்டு மெதுவாகச் சொன்னார்: "நம்ம சாமி இல்லாட்டி என்ன, வந்த சாமிகிட்ட ஒண்ணு கேட்டுக்கலாம் லா." பிறகு மாமாவிடம், "தாயே, என் மகன் ரொம்ப நாளா சும்மா இருக்கான். எங்க வேல கெடைக்கும்?" என்றார்.

மாமா எங்கேயோ பார்த்தார். "இடது பக்கம்" என்றார். "இடது பக்கம்... இடது பக்கம் திரும்பு."

ஸ்டெல்லா அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் அது அருள். போன வருடமும் முந்தின வருடமும் இவருக்கு அருள் வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. நடுக்கம், வியர்வை, வேறு குரல், வேறு பார்வை. இன்னொரு பக்கம், ரத்தத்தில் சர்க்கரை விழுந்தால் என்ன வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நடுக்கம், வியர்வை, குழப்பம், சிடுசிடுப்பு. இரண்டுக்கும் ஒரே அடையாளங்கள். எதை வைத்துப் பிரிப்பது? என்னிடம் ஒரு கருவியும் இல்லை. மடியில் மலாக்கா வரைபடம் இருந்தது.

அப்போதுதான் என் தட்டுகள் நினைவுக்கு வந்தன. சர்க்கரை இல்லாத தட்டில் ஜிஎல்பி-1 விட்டால் செல்கள் சும்மா இருக்கும். அந்த ஏற்பிக்கு அவ்வளவு விவேகம் உண்டு. சர்க்கரை இல்லையென்றால் அது செல்லை வற்புறுத்தாது. அதே தட்டில் மாமாவின் வெள்ளை மாத்திரை மருந்தை விட்டால், சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் செல்கள் இன்சுலினைக் கொட்டும். எத்தனையோ தடவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செய்திருக்கிறேன். என் ஆய்வேட்டின் கிராஃபில் அந்தக் கோடு எனக்குப் பிடித்த கோடு. நேற்றிலிருந்து சோறு இல்லை. காலையில் வாயில் எச்சிலைக் கூட்டி மாத்திரையை விழுங்கியிருக்கிறார். என்ஜின் ஓடாத பஸ்ஸில் யாரோ ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது என் மாமா.

"அத்தை, இனிப்பா ஏதாவது குடுக்கணும். சர்க்கரை கொறஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன்."

"வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது புள்ள. தீ மிதிக்கிற வரைக்கும் தண்ணி கூட இல்ல. மூணு வருஷ நேத்திக்கடன்."

"உயிருக்கு ஆபத்து அத்தை."

"சாமி வந்த ஒடம்பு. சாமி பாத்துக்கும்." சொன்ன குரலில் உறுதி இருந்தது, கை மட்டும் மாமாவின் முதுகை விட்டு நகரவில்லை. எனக்கு அழுகை வந்தது. சாமி இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, உறுதியும் இல்லை. இருந்தால்? அத்தைக்காக எடுத்த விரதத்தை அத்தை கண் எதிரிலேயே நான் கெடுத்தால், அவளுக்குப் பிறகு ஒரு தலைவலி வந்தால்கூட அது என் மேல்தான் விடியும்.

பிறகு செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வேனை விட்டு இறங்கி மாமாவின் பக்கம் போய், கதவைத் திறந்து, மண்ணில் முட்டி போட்டேன். அம்மன் வந்தவர்களிடம் எப்படிப் பேசுவார்கள் என்று சின்ன வயதில் பார்த்தது இருந்தது.

"ஆத்தா, தாகமா இருக்கா? என்ன வேணும் தாயே?"

மாமாவின் கண் என் மேல் நின்றது. உதடு அசைந்தது. தலை ஒரு தடவை அசைந்தது. மலாக்காக் கண்டக்டரின் தலையாட்டலைவிடத் தெளிவு என்று சொல்லமுடியாது.

ஆனால் அத்தைக்கு அது போதும். "ஆத்தா கேட்டா குடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள். சிரப் பாட்டிலைத் திறந்து, சொம்பில் பாதிக்கு ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, கற்பூரம் காட்டாத குறையாக மாமாவின் வாயருகே கொண்டுபோனாள். மாமா முதல் வாயைச் சிந்தினார். நான் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். நெஞ்சு, மஞ்சள் வேட்டி எல்லாம் சிவப்பு. ஸ்டெல்லா அக்கா பைக்குள் கையை விட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆயிற்று. நடுக்கம் நின்றது. மாமா சுற்றிலும் பார்த்தார்.

"எங்க இருக்கோம்? இது யாரு தோட்டம்?" நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் மாறியது. "வாயெல்லாம் இனிப்பா இருக்கு. என்னத்தக் குடுத்தீங்க? வெரதம் போச்சா?"

"நீங்க எங்க குடிச்சீங்க?" என்றாள் அத்தை. "ஆத்தா குடிச்சா."

மாமா வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சரி என்று தலையாட்டினார். இவ்வளவு அழகான தீர்ப்பை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

வேனை நான் ஓட்டினேன். என் ஓட்டுநர் உரிமத்துக்கு அதுவரை தெரிந்த பெரிய வண்டி கஞ்சில் என்ற குட்டிக் கார். ஸ்டெல்லா அக்கா ஒவ்வொரு முனையிலும், "இடது பக்கம், ஆத்தா சொன்னா" என்றார். இரண்டு தடவை இடதில் திரும்பி இரண்டு தடவையும் தவறு. கடைசியில் மாமாதான் வழி சொன்னார். ஒன்றரை மணிக்குத் தோட்டம் வந்து சேர்ந்தோம். பழைய வீட்டு வரிசைகளில் பாதி காலி. ஆனால் தீமிதிக்கு எல்லாரும் ஊர்களிலிருந்து வந்துவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றி மோட்டார் சைக்கிளும் காரும், பலூன்காரரும், ஐஸ் காச்சாங் கடையும். ரப்பர் மரக்கட்டைகளைக் குழியில் அடுக்கித் தீ வைத்திருந்தார்கள்.

மாத்திரை ஒரு சொம்பு சிரப்பில் ஓய்ந்துவிடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது நாள் முழுக்க உடம்பில் கிடக்கிற மருந்து. சொல்லப்போனால் நாம் குடிக்கும் சர்க்கரைக்குக் குடல் மணி அடிக்க, மாத்திரை ஒரு பக்கம் தள்ள, இன்சுலின் இன்னும் வரலாம். மாமாவைவிட்டு நகரக்கூடாது என்று நினைத்தேன். நினைத்து என்ன, மூன்று மணிக்குத் தீ மிதிப்பவர்களை எல்லாம் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். மேளம் தொடங்கியது. பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் அருள் வந்தது. எல்லாரும் மஞ்சள், எல்லாரும் ஈரம், எல்லாரும் நடுக்கம். இதில் யார் ஆத்தா, யார் சர்க்கரை?

நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மாமாவைத் தேடினேன். அவர் ஆடவே இல்லை. ஓரமாக ஒரு பாறையில் சாய்ந்து, தூங்கப்போகிறவரைப்போல் நின்றார். கையைத் தொட்டேன். அந்த வெயிலில் சில்லென்று இருந்தது. "மாமா, என் பேரு என்ன?" என்றேன். யோசித்தார். "பெம்பான்" என்றார்.

அத்தையைக் கூப்பிட்டேன். இப்போது நான் எதுவும் விளக்கவில்லை. அவளே அவர் முகத்தைப் பார்த்தாள், முழங்கைக்குக் கீழே தொட்டாள். மேளம் காதை அடைத்தது. வரிசை புறப்படப்போகிறது. தீக்குழிக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்.

"எனக்காகத்தானே நேந்துக்கிட்டாரு" என்றாள். "அவரு இல்லாம நான் நல்லா இருந்து என்ன செய்ய?"

கையோடு பூசாரியிடம் போனாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடனைச் சொன்ன நாளில் செலுத்த முடியாவிட்டால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அம்மன் காலடியில் வைத்து, பிறகு செலுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த முடிச்சை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அத்தை தன் சேலை முந்தானையையே கிழிக்கப் போனாள். பூசாரி துணி கொடுத்தார். "அடுத்த ஆடிக்கு வரேன் தாயே, கோவிச்சுக்காத" என்று சத்தமாகவே சொன்னாள். அதற்குள் நானும் ஸ்டெல்லா அக்காவும் மாமாவுக்கு மிச்ச சிரப்பைப் புகட்டி வேனில் ஏற்றியிருந்தோம். இந்தத் தடவை யார் குடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்து அரசாங்க மருத்துவமனையில் இளம் டாக்டரிடம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: ஏற்பி, பெப்டைட், சர்க்கரையைச் சார்ந்த சுரப்பு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓகே. மாத்திரை பேர் என்ன? எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்?" என்றார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல என் முதுகலை தேவைப்படவில்லை. விரலில் குத்திப் பார்த்து, முகத்தைச் சுருக்கி, குளுக்கோஸ் நரம்பில் ஏற்றினார்கள். சர்க்கரை திரும்பவும் விழும், இன்றிரவு இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். குடலுக்குத் தெரியாமல் போகும் சர்க்கரை. மணி அடிக்க ஆள் இல்லாத சர்க்கரை. இத்தனை நாள் கோடுகளாக வரைந்ததை முதல் தடவையாக ஒரு மனிதனின் கையில் பார்த்தேன்.

ஆறு மணி வாக்கில் மாமா தெளிந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியே செம்பனை மட்டும்தான் தெரிந்தது.

"இந்நேரம் மிதிச்சிருப்பாங்க" என்றார். அத்தை மடியிலிருந்த மஞ்சள் முடிச்சைக் காட்டினாள். அதை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரதான் இப்படிப் பண்ணுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. ஒன்ன ஒண்ணு கேக்குறேன், படிச்ச புள்ள, உண்மைய சொல்லணும். அத்தைய ஆஸ்பத்திரில வச்சிருந்தப்பதான் எனக்கும் ரத்தம் எடுத்துப் பாத்து இந்த மாத்திரைய குடுத்தாங்க. மூணு வருஷமா சாப்பிடுறேன். வெரதத்துலயும் சாப்பிட்டேன். அப்ப போன ரெண்டு வருஷமும் எம்மேல வந்தது யாரு?"

அத்தையும் என்னைப் பார்த்தாள். ஆத்தாதான் என்று சொல்லியிருக்கலாம். மாத்திரைதான் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே எனக்குத் தெரியாது.

"தெரியல மாமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடியில் போனால் ரம்புத்தானும் டுரியானும் கிடைக்கும். சிம்பாங் அம்பாட் என்ற பெயரில் வடக்கே பினாங்குப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. அலோர் காஜாவில் டாக்சி பேசிக்கொள்ள வேண்டும். நான் சொன்ன கட்டணமெல்லாம் பழைய கதை. தீக்குழிக்குப் பக்கத்தில் நைலான் துணியோடு நிற்காதீர்கள். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் விரதம் இருந்தால், சோற்றை விடும் முன் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு விடச் சொல்லுங்கள். பையில் ஒரு சிரப் பாட்டில் இருக்கட்டும். இன்றைக்கு அந்தக் குடல் பெப்டைடைப் பின்பற்றிச் செய்த மருந்து ஊசியாகவே வந்துவிட்டது. ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளை ஆடுதான் ஞாபகம் வருகிறது.

ஸ்டெல்லா அக்கா மகனுக்கு அதற்கடுத்த மாதம் வேலை கிடைத்தது. தொழிற்பேட்டை வாசலில் நுழைந்ததும் இடது பக்கம் முதல் தொழிற்சாலை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

மறு ஆடிக்கு நானும் போனேன், சரியான பஸ்ஸில். டாக்டர் சொன்னபடி விரத நாளில் மாமா மாத்திரை சாப்பிடவில்லை. ஓடைக்கரையில் மேளம் அடித்தது. சுற்றிலும் எல்லாருக்கும் அருள் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்காகப் பஸ் பக்கத்தில் காத்திருப்பவரைப்போல வரிசையில் நின்றார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அத்தை முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். அவர் முறை வந்தது. ஓடவில்லை, நடந்தார். நடுவில் ஒரு தடவை பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. தீக்குழியின் முடிவில் கால் குளிர வைத்திருக்கும் பால்குழியில் இறங்கி நின்றபோது கண்ணில் தண்ணீர்.

மரத்தடியில் உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டு பாதத்திலும் கொப்புளம். நான் பதறி, "முன்னெல்லாம் இப்படி இல்லன்னாங்களே மாமா?" என்றேன்.

"முன்ன ஒண்ணுமே தெரியல" என்றார். "மிதிச்சது ஆத்தாவா, மாத்திரையா, யாரோ. இந்தத் தடவதான் சுட்டுச்சு. இந்தத் தடவ நான்தான் மிதிச்சேன்."

அத்தை அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, மூணும் முடிஞ்சுது" என்றாள்.

மாமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இல்லை என்பதற்கானது. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

"ஒண்ணுதான் முடிஞ்சுது" என்றார். "இன்னும் ரெண்டு இருக்கு."